வெள்ளத்துரை அளக்காமல் எழுதிய கோணம்

சங்கரன்கோவில் தாலுகாவில் சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர் வெள்ளத்துரை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. மேலநீலிதநல்லூர் கரிசல் ஆனாலும் புளியங்குடித் தோப்பு ஆனாலும், காலில் முள் ஏறினாலும், சங்கிலியைத் தொய்யவிட மாட்டார். சங்கிலி படாத இடத்துக்கு அவர் வாயிலிருந்து எண் வராது. "சுமாரா எவ்வளவு இருக்கும் அண்ணாச்சி?" என்று எந்தக் காட்டுக்காரராவது கேட்டால், "சுமாருக்கு எங்கிட்ட அளவு கிடையாதுவே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார். நல்ல குணம்தான். ஆனால் அதே குணம்தான் கணக்குப் பரீட்சையில் அவர் காலை வாரியது.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் அவரும் சர்வேயர் ஆகலாம். தமிழ், இங்கிலீஷ் எல்லாம் முதல் தடவையே தேறிவிட்டார். கணக்கில் மட்டும் ஒரு தடவை இருபத்தெட்டு, அடுத்த தடவை முப்பத்திரண்டு. முப்பத்தைந்து வேண்டும். 1977 மார்ச் பரீட்சையை விட்டால் சர்வேயர் வேலைக்கு வயது கடந்துவிடும்; அப்புறம் ஆயுசுக்கும் அடுத்தவன் சொல்லுகிற இடத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

டுட்டோரியல் நடத்தும் ஆறுமுகச்சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். பழைய கேள்வித்தாளைப் பிரித்துப் போட்டு, வட்டக் கணக்குக்கு என்ன விடை எழுதினார் என்று கேட்டார்.

"ஐம்பத்தேழு டிகிரி."

"எப்படி வந்தது?"

"அளந்தேன்."

ஆறுமுகச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, அந்தப் படம் சும்மா அடையாளத்துக்குப் போட்டது. அளவுக்கு வரையல. மையத்துல என்ன கோணமோ, அதுல பாதிதான் வட்டத்து மேல வரும். நூறு குடுத்திருக்கான். ஐம்பதுன்னு எழுதணும். அளக்கவே கூடாது."

வெள்ளத்துரைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "தப்பான படத்தை எதுக்குவே அச்சடிக்கான்? எங்க ஆபீஸ்ல இப்படி வரைஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாக."

அதோடு விட்டாரா? பாதி என்று யார் பார்த்தது, எந்த வட்டத்தில் பார்த்தது என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவி பாலம்மாளின் கண்ணாடி வளையல்களை வாங்கிக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டார். வளையலுக்கு மையம் ஏது? ஒரு போஸ்ட்கார்டின் மூலையை வட்டத்தின் மேல் பொருத்தி, அதன் இரண்டு ஓரமும் வட்டத்தை வெட்டுகிற புள்ளிகளைச் சேர்த்தால் விட்டம். வேறொரு இடத்தில் மூலையை வைத்தால் இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டுகிற இடம் மையம். புத்தகத்தில் இருந்ததுதான், ஆனாலும் கோடுகள் குறுக்கிட்டபோது அந்த மனுஷருக்கு உடம்பு சிலிர்த்தது.

வளையல் வட்டம் முடிந்து, சொம்பு, தட்டு, முறுக்குத் தகர டப்பா மூடி என்று போனார். ஒவ்வொன்றிலும் மையக் கோணத்தை அளப்பார், வட்டத்தின் மேல் நாலைந்து இடத்தில் அளப்பார், எழுதுவார்.

"இன்னும் எத்தன வட்டம் போடுவீக? சோறு ஆறுது," என்றாள் பாலம்மாள்.

"தப்புற வட்டம் ஒண்ணு அகப்படுதான்னு பாக்கேன்."

நாற்பத்துமூன்று வட்டம் போட்டார். ஒன்றும் தப்பவில்லை. பென்சில் முனை கனத்தில் அரை டிகிரி முன்னே பின்னே வந்தது, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நம்பினார். பாகைமானியை அரிசிப் பானைக்குள் போட்டு, "பரீட்சை முடியுதவரை கெஞ்சினாலும் குடுக்காத" என்று பாலம்மாளிடம் சொன்னார்.

பரீட்சைக் கூடத்தில் அவரோடு உட்கார்ந்திருந்ததெல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகள். ஐந்து மார்க் கேள்வி. AB என்ற சிறிய வில் 140 டிகிரி. மீதி வில் எவ்வளவு? பெரிய வில்லின் மேல் C, சிறிய வில்லின் மேல் D. இரண்டு இடத்திலும் கோணம் என்ன?

படத்தில் C-யில் இருந்த கோணம் தொண்ணூறுக்குக் குறையாது. பத்தொன்பது வருஷம் மூலைக்கல் பார்த்த கண், சத்தியம் பண்ணிச் சொல்லும். பக்கத்துப் பையனின் பெட்டியில் பாகைமானி இருந்தது. கை அரித்தது. கேட்டால் கொடுத்திருப்பான்.

கேட்கவில்லை. கண்ணைப் படத்திலிருந்து பிடுங்கி எழுதினார். மீதி வில் 360-இல் 140 போக 220. C-யில் 140-இல் பாதி, 70. D-யில் 220-இல் பாதி, 110. எழுபதும் நூற்றுப்பத்தும் கூட்டிப் பார்த்தார். நூற்றெண்பது. வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்கள் அப்படித்தான் வரவேண்டும். நாலு எல்லையும் சுற்றி அளந்துவந்து புறப்பட்ட கல்லிலேயே சங்கிலி முடிந்த நிம்மதி அவருக்கு. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஜூன் மாதம் மார்க் பட்டியல் வந்தது. கணக்கில் முப்பத்தேழு.

அவர் வாசலிலேயே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலம்மாளுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும், பரீட்சையன்று அவர் வந்து சொன்ன கணக்கைப் பற்றி அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அந்த அஞ்சு மார்க்குக் கணக்கையும் பழையபடி அளந்து எழுதியிருந்தா?"

"முப்பத்திரண்டு," என்றார் வெள்ளத்துரை. சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விம்மி அழுதார்.