மழைக்குள் ஒரு ‘டப்’

மாலை நாலு பத்துக்குத்தான் முதல் ‘டப்’ கேட்டது. அந்த நேரம் எனக்கு மறக்காது. அப்போது நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கண்ணயர்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அம்மா போன பிறகு ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் அவள் தூங்கியதில்லை.

பத்மநாபபுரம் தாண்டி, குலசேகரம் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகள் கேரளத்துக்குப் போகிற வழி அது. அப்படி ஒரு லாரியின் டயர் வெடித்தபோது அதன் பக்கத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர்கள் என் மனைவியும் மகளும். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவியை மறுநாள் வெள்ளைத்துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டு முன்னால் லாரி போகும் ஒவ்வொரு முறையும் மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கரி தேய்த்தது போல ஆகிவிட்டது. அடக்க ஆராதனை முடிந்த அன்றே மனைவியின் தங்கை கேட்டாள்: “அத்தான், பிள்ளைய நான் கொண்டு போறேன். எங்க வீடு தோட்டத்துக்கு உள்ளயாக்கும். ஒரு சத்தமும் கிடையாது.” நான் சம்மதிக்கவில்லை. அவள் இந்த வீட்டிலேயே தூங்கிவிட்டால் அவளை அனுப்ப வேண்டியதில்லை. எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அப்படித்தான் ஸ்பீக்கர் யோசனை வந்தது. அந்தத் தங்கையின் கணவன் துபாயில் இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் கொண்டுவந்து தந்திருந்தான். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒயர் கிடையாது, கரண்டுக்கு மட்டும் உண்டு. மனைவி அதை ஹாலில் வைத்து, சமையல் முடியும்வரை பாட்டு கேட்பாள். நான் அதை மகளின் அறைக்குக் கொண்டுபோய், போனில் மழைச் சத்தத்தை ஓடவிட்டேன். ஓட்டுக் கூரையில் விழுகிற மாதிரி, விட்டுவிடாத மழை. லாரி இரைச்சல் அதற்குள் கரைந்தது. மகள் தூங்கினாள்.

நாலு பத்துக்கு அந்த மழைக்குள் ‘டப்’ என்று வெடித்தது. பிறகு ஒரு கரகரப்பு. மகள் எழுந்து, தலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து, “அம்மா, ஒதுக்கு, ஒதுக்கு” என்றாள்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிப் பிழைத்தவன். இணையத்தில் தேடினேன். வைஃபை பெட்டி பக்கத்தில் இருந்தால் இரையும் என்று போட்டிருந்தது. அதை அடுக்களைக்கு மாற்றினேன். போனைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். பொத்தானை விளக்கு மினுங்கும்வரை அழுத்தி, வாங்கிய அன்றைய நிலைக்குக் கொண்டுவந்தேன். மழைப் பதிவிலேயே கோளாறோ என்று வேறு மழை இறக்கினேன். இன்வெர்ட்டரை அணைத்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அவள் கண் மூடுவாள். பிறகு ‘டப்’.

துபாய்க்குப் போன் செய்தேன்.

“அண்ணே, சாமான் அசல் சாமானாக்கும். குறை ஒங்க ஊருக்க கரண்டுல” என்றான் சகலை.

“ஒனக்கும் இதுதானலே ஊரு?”

“அதான் இஞ்ச வந்து கிடக்கேன்” என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. “பிள்ளை தூங்குதாளா?”

“இல்ல.”

அவன் பேச்சை மாற்றினான். “என்ன செஞ்சாலும் அந்தப் பிளக்கெ வெட்டிராதீங்க, கேட்டியளா. வெட்டினா அதுக்க மதிப்பு போச்சு.”

எங்கள் பக்கத்தில் யாரும் வெட்ட மாட்டார்கள். கல்ஃபிலிருந்து வரும் மிக்ஸியானாலும் இஸ்திரிப் பெட்டியானாலும் அந்தப் பட்டைக்கால் பிளக்கோடுதான் இருக்கும். நம் சுவரில் அது சேராது. அதற்கென்று கடையில் விற்கும் அடாப்டரில் லொடலொடவென்று தொங்கவிட்டுத்தான் ஓட்டுவோம். வந்து போகிறவர்கள் பிளக்கைப் பார்த்தே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

அடுத்த நாள் பிற்பகல், ஸ்பீக்கர் இருந்த மேசை மேல் கை ஊன்றி நின்றபோது ஒரு டிப்பர் போனது. காதில் விழுவதற்கு முன்பே மேசை நடுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. ஸ்பீக்கரின் சிறு விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. ‘டப்.’

அடாப்டருக்குள் பிளக் ஆடிக்கொண்டிருந்தது. அதிர்ந்து அதிர்ந்து அது தளர்ந்த பிறகு, லாரி போகும்போதெல்லாம் கரண்டு விட்டுவிட்டு வந்திருக்கிறது. லாரிச் சத்தத்தை மறைக்க நான் வைத்த பெட்டி வழியாகவே லாரி அவள் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

மனைவி இருந்தபோது ஏன் இந்தச் சத்தம் வரவில்லை என்று யோசித்தேன். அவள் விளக்குமாறிலிருந்து ஈர்க்கு ஒன்றை ஒடித்து, பிளக்குக்கும் அடாப்டருக்கும் இடையே இறுக்கிச் செருகியிருந்தாள். “ஒங்களுக்க தங்கப் பிளக் ஆடாம இருக்கட்டும்” என்று என்னைக் கேலி செய்ததும் நினைவு வந்தது. அவளைக் கிடத்துவதற்காக ஹாலைக் காலி செய்தார்கள். ஸ்பீக்கரை யாரோ பிடுங்கி மூலையில் வைத்தார்கள். ஈர்க்கு அப்போது விழுந்திருக்கும். மறுநாள் பெருக்கியதோடு போயிருக்கும்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவளுடைய விளக்குமாறு அப்படியே இருந்தது. ஒரு ஈர்க்கை ஒடித்துச் செருகினேன். மழை சீராகப் பெய்தது. அடுத்தடுத்து லாரிகள் போயின. ஒரு வெடிப்பும் இல்லை. நான் குழந்தை போல மகளின் கட்டிலுக்கு ஓடினேன்.

“மக்ளே, சரியாயிட்டு. இனி வராது. படு.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப வரும்” என்றாள்.

“வராது மக்ளே. நான் கண்டுபிடிச்சாச்சு.”

“வரும்பா. சத்தம் இல்லாம இருந்தா வரப்போவுதுண்ணு அர்த்தம்.”

பிளக்கைக் காட்டினேன், ஈர்க்கைக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினாள். பொழுது இருட்டும்வரை மழை பெய்தது. அவள் சாயவே இல்லை. அதுவரை சத்தம் கேட்டால் பயந்தவள், இப்போது அது கேட்காத ஒவ்வொரு நொடியும் பயந்துகொண்டிருந்தாள். அதற்கு எந்த ஓட்டையில் எந்த ஈர்க்கைச் செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை. நானே மனைவியின் தங்கைக்குப் போன் செய்தேன். “வா” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

காலையில் அவள் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அறைவாசலில் நின்று மழையைக் கேட்டாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். நேராகப் போய் சுவிட்சை அணைத்தாள். சாலையில் ஒரு லாரி போனது. மகள் கட்டிலைப் பிடித்தாள். அந்தக் கையைச் சித்தி தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“அத்தான், எவ்வளவு மழையெப் போட்டாலும் ரோடு இஞ்சதான கிடக்கும்” என்றாள். “பிள்ளைக்க உடுப்பெ எடுங்க.”

எடுத்தேன். ஸ்பீக்கரையும் கழற்றி ஒரு பையில் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அது வேண்டாம். அங்க ரப்பர் இலை விழுற சத்தம் மட்டும்தான்.”

காருக்குள் மகளை ஏற்றி, கதவைச் சாத்துவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க. ஸ்கூட்டர்ல வராதீங்க அத்தான். பஸ்ல வாங்க.”