முதல் நாபர்

ஹார்மன் வெசலிங்க் எங்கள் முதல் நாபர். பக்கத்துப் பண்ணைக்காரர் என்றும் எழுதலாம், ஆனால் அதில் கடமை தெரியாது. அருகில் உழுது குடியிருப்பவன் என்று கல்லூரியில் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தின் நெய்பருக்கும் ஜெர்மனின் நாஹ்பாருக்கும் அதே வேர்தான். டச்சு நாட்டின் கிழக்கு ஓரத்தில், எங்கள் ஆக்டர்ஹுக் பக்கத்தில் அதற்கு வேலை அதிகம். வீட்டில் சாவு விழுந்தால் முதல் நாபர்தான் பொறுப்பு. இறந்தவருக்கு முகம் மழிப்பது, மற்ற நாபர்களுக்குச் சொல்வது, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காபிக் கோப்பை கொண்டுவருவது, சவப்பெட்டியைத் தூக்குவது எல்லாம் அவர் தலைமையில். பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு நாங்கள் முதல் நாபர்; பண்ணை கைமாறினால் கடமையும் வாங்கியவனுக்குப் போகும்.

ஹார்மனுக்கு அப்பாவைப் பிடிக்காது. எல்லையில் நின்ற பாப்ளர் மரங்களை அப்பா வெட்டியதிலிருந்து பேச்சு இல்லை. ஆனாலும் எங்கள் பசு வாய்க்காலில் விழுந்தபோது டிராக்டரோடு வந்தார். பசுவை இழுத்து மேலே விட்டார். பசுவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்.

போன வாரம் அப்பா இறந்தார். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அண்ணன் வில்கோ ஒரு ஈமச்சடங்கு நிறுவனத்தை அழைத்துவிட்டான். பகையாளியை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தானாம். கறுப்பு வண்டி ஹார்மனின் ஜன்னலைத் தாண்டித்தான் வந்தது. நேரில் போய்ச் சொல்லாமல் அவர் வரமாட்டார். அவர் வராமல் மற்ற நாபர்களும் வரமாட்டார்கள். அப்பாவைக் கூலியாட்கள் தூக்குவார்கள்.

ஹார்மன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். அவர் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீக்கா காபிக் கோப்பைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா இறந்துட்டார், மாமா."

"அப்படியா. எப்போ?"

"காலையில."

"தெரியாதே."

"கோட்டு அளவு சரியா இருக்கான்னு சும்மா போட்டுப் பாக்குறார்," என்றாள் டீக்கா.

ஹார்மன் அவளைக் கவனிக்கவில்லை. "நாபருங்கள்ல வேற யாருக்காவது சொன்னியா?"

"இல்ல. உங்களுக்குத்தான் மொதல்ல."

எழுந்து தொப்பியை எடுத்தார். மற்ற பண்ணைகளுக்குச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நிறுவனத்து ஆட்களைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு அப்பா கிடந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டார். உதவட்டுமா என்று வில்கோ கேட்டதற்கு, உட்கார்வதுதான் அவன் வேலை என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

சனிக்கிழமை நாபர்கள் தூக்கினார்கள், முன்னால் ஹார்மன். கல்லறைத் தோட்டத்தில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"பண்ணைய விக்கப் போறீங்களா?" என்றார்.

"வேற வழியில்ல, மாமா."

"நல்ல தோள் இருக்கிறவனாப் பாத்துக் குடு. நான் உங்கப்பாவ விடக் கனம்."