வராந்தாவில் உட்கார்ந்த கம்ப்யூட்டர் டீச்சர்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் விதிமுறை எழுதாத சுவர் கிடையாது. இங்கே துப்பாதே, அங்கே வண்டி நிறுத்தாதே, சத்தம் போடாதே. எழுதியவரே முதல் ஆளாக அதை மீறுவார், நாமும் பின்னாலேயே போவோம். அதனால் என் மகள் கீர்த்தி படிக்கிற பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக் கதவில் புதிதாக விதிகள் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி, பிள்ளைகளோடு பெற்றவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். படித்துப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தேன்.

எழுதியவர் ரோஹிணி டீச்சர். கார்வேட்டிநகரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கேயே ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்தவர். பரீட்சைக்கு விண்ணப்பம் போடவும் தரிசன டிக்கெட் எடுக்கவும் வருகிற கூட்டம், காய்கறி விலை சொல்வது போலப் பாஸ்வேர்டை உரக்கச் சொல்லும். அப்படி ஒரு பெண் சொன்னதை வரிசையில் நின்ற எவனோ காதில் வாங்கிக்கொண்டு, அவள் பெயரில் அசிங்கமாக எழுதி அவளுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அவள் கல்லூரியை விட்டே நின்றுவிட்டாள். ரோஹிணி டீச்சருக்கு அது மனசு ஆறவே இல்லை. பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே இதைச் சொல்லித் தர வேண்டும் என்று, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எங்கள் ஊர்த் தனியார் பள்ளிக்கு வந்தார். தினமும் புத்தூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து நகரிக்கு இன்னொரு பஸ்.

அவருடைய அறையில் ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சாமிக்குப் படைக்கும்போது திரை போடுவார்களே, அந்த மரியாதை. கீர்த்தி வீட்டிலும் இதை ஆரம்பித்துவிட்டாள். நான் போனைக் கையில் எடுத்தால் போதும், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ‘என்னவோ நான் குளிக்கப் போவது மாதிரி இது என்ன கூத்து’ என்று எரிச்சலாக இருக்கும்.

மற்ற விதிகளும் இருந்தன: அடுத்தவர் படத்தை அவரைக் கேட்காமல் போடாதே. அடுத்தவர் போனைத் திறக்காதே. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே, கொடுத்தால் இரண்டு வாரம் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே கடைசி விதி: உன் பெயரில் நடப்பதெல்லாம் உன் பொறுப்பு.

அந்தக் கடைசி விதியில்தான் பக்கத்து வீட்டுப் பிரீத்தி மாட்டிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. தாகம் எடுத்தவர் எந்த வீட்டுக்குள்ளும் போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கலாம், கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மற்ற வீடுகளில் போன் அப்பாவின் சட்டைப் பையோடு வெளியே போய்விடும். பிரீத்தியின் அப்பா தாமோதரன் மட்டும் பத்தாவது படிக்கிற மகளுக்கென்று ஒரு போனை வீட்டிலேயே விட்டிருந்தார். அது தறிக்கொட்டகை ஜன்னல் ஓரத்தில் கிடக்கும். பள்ளிக்கூடத்து ஆப் அதில் பிரீத்தி பெயரில் எப்போதும் திறந்தே இருக்கும். தெருப்பிள்ளைகள் சாயங்காலம் வந்து அதில்தான் வீட்டுப்பாடம் பார்ப்பார்கள். பிரீத்தியின் வகுப்பிலேயே படிக்கிற என் மகளும் பார்ப்பாள். தண்ணீர் குடிக்கிற மாதிரிதான் அதுவும் நடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அந்த ஆப்பில், வகுப்புக்கான பக்கத்தில் ஒரு படம் வந்தது. பள்ளி கரஸ்பாண்டன்ட் வேங்கடாசலம், கழுத்தில் மாலையும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாகக் கழுதை மேல் உட்கார்ந்திருக்கிறார். கீழே, ‘அட்மிஷன் நடக்கிறது, சீக்கிரம் வாருங்கள்.’ உள்ளதைச் சொல்கிறேன், படம் அருமையாக இருந்தது. அந்த மனிதரின் நடைக்கும் மிடுக்குக்கும் கழுதை அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியிருந்தது. விடிவதற்குள் புத்தூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே போட்டிருந்த பெயர் பிரீத்தி.

மறுநாள் பள்ளியில் கூட்டம். பெற்றோர் கமிட்டியில் என் பெயரும் இருப்பதால் நானும் போய் உட்கார்ந்தேன். பிரீத்தி அழுது அழுது முகம் வீங்கி நின்றாள். தாமோதரன் வேட்டியில் பஞ்சோடு தறியிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

“நான் போடல சார். அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல.”

“மரி நீ பேரு எப்படி வந்துச்சு?” வேங்கடாசலத்துக்குக் கோபம் வந்தால் பாதி தெலுங்கு வந்துவிடும். “போன் யார்கிட்ட குடுத்த?”

“கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தேன் சார். யாருன்னு எப்படிச் சொல்றது?”

“கையெழுத்துப் போட்டு கீதே. உன் பேர்ல நடக்கறது எல்லாம் உன் பொறுப்பு. டி.சி. குடுத்துடறேன், கூட்டிக்கினு போங்க.”

தாமோதரன் உடனே தலையை ஆட்டிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் மனசில் ஏற்கனவே பாதி முடிவு இருந்தது. தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். “சரி சார்” என்று மெதுவாகச் சொன்னார். “நாலு பேரு சிரிக்கறாப்பல ஆயிட்டப்புறம் இன்னா படிப்பு. வூட்டுலயே இருக்கட்டும்.”

அப்போதுதான் ரோஹிணி டீச்சர் எழுந்தார்.

“சார், என் விதியில டி.சி.ன்னு எங்கயும் இல்ல. பாஸ்வேர்ட விட்டுக்குடுத்தா ரெண்டு வாரம் வெளிய உக்காரணும். அவ்ளோதான்.”

“இது சாதாரண விஷயமா? என்னையே கழுதை மேல ஏத்திக் கீறாங்க!”

“ஏத்தினது தப்பு சார். ஆனா அத இவ செஞ்சான்னு தெரியாது. இவ செஞ்சது, திறந்து வெச்சது. அத நானும் செஞ்சிருக்கேன்.”

டீச்சர் மறைக்காமல் சொன்னார். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், லீவில் இருந்தார். மார்க் ஏற்ற வேண்டும், அவசரம் என்று ஆபீஸ் கிளார்க் தனசேகர் போன் செய்ய, தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆபீஸில் எல்லோரும் அவர் பெயரில்தான் மார்க் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் எல்லோரும் முகம் சுளிப்பார்களே என்று விட்டுவிட்டார்.

“தனசேகர கேக்கச் சொன்னது நானேதான்மா,” என்றார் வேங்கடாசலம், சுருதி இறங்கி. “அது ஆபீஸ் வேலை. அது வேற, இது வேற.”

“விதி ஒண்ணுதான் சார். பிள்ளைங்கள முகத்தைத் திருப்பிக்கச் சொல்லிட்டு நான் போன்ல பாஸ்வேர்டு சொல்லியிருக்கேன். இவளுக்கு டி.சி.ன்னா எனக்கும் குடுங்க. ரெண்டு வாரம்ன்னா எனக்கும் ரெண்டு வாரம்.”

வேங்கடாசலம் சலித்துக்கொண்டார். “அப்ப நீயும் போய் வராந்தாவுல உக்காரு. எவ்ளோ அழகா இருக்கும் பாரு, கம்ப்யூட்டர் டீச்சர் வெளிய!”

கிண்டலாகத்தான் சொன்னார். டீச்சர் “சரி சார்” என்றார். டி.சி. பேச்சு அங்கே நின்றது. ஆனால் தாமோதரன் வாசலில் திரும்பி நின்று சொன்னார்: “அடுத்த சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன் டீச்சர். செஞ்சது யாருன்னு தெரியலன்னா எம் பொண்ணு மேலதான் பழி நிக்கும். அப்புறம் அனுப்ப மாட்டேன்.”

திங்கட்கிழமை மகளைப் பள்ளியில் விடப் போனபோது பார்த்தேன். கம்ப்யூட்டர் அறை வராந்தாவில் ஒரு கரும்பலகையைச் சாய்த்துவைத்து, அதில் கீபோர்டை எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டிருந்தார் ரோஹிணி டீச்சர். பக்கத்தில் தரையில் பிரீத்தி. உள்ளே பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால். ஜன்னல் வழியாக, “ரெண்டாவது வரிசை, அந்த ஃபோல்டர திற, அது இல்ல, அதுக்குக் கீழ” என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்துப் பாடம் நடத்தினார். மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. என் வயதில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். தான் எழுதிய விதிக்குத் தானே முதலில் கட்டுப்பட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. அந்தப் போனைத் தொட்டவர்களில் என் மகளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அவள் பையைக் கிளறி, படம் எடுக்க மட்டும் அவள் வைத்திருந்த, நெட் இல்லாத அவள் அம்மாவின் பழைய போனைக் கையில் எடுத்தேன்.

“நான் இல்ல நைனா,” என்றாள் கீர்த்தி. “வேணும்னா தொறந்து பாத்துக்கோ. எங்க டீச்சர்னா தொறக்க மாட்டாங்க.”

போனை அப்படியே பையில் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை வேங்கடாசலமே வராந்தாவுக்கு வந்தார். எங்கள் தெருப்பிள்ளைகள் வீட்டுப் போன்களையெல்லாம் வாங்கி வரச் சொல்லு, அந்தப் படத்தைச் செய்த தடம் எதில் இருக்கிறதென்று தனசேகர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடட்டும், அரை மணியில் ஆள் அகப்படும் என்றார். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானும்தான். பிரீத்திக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

ரோஹிணி டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. “அடுத்தவங்க போனத் திறக்காதன்னு எழுதி வெச்சவ நான். இப்ப ஆத்திரத்துல நானே திறந்தா, நாளைக்கு இவங்க யார் போனத்தான் திறக்க மாட்டாங்க? வேணாம் சார்.”

“அப்ப இந்தப் பொண்ணு கதி?”

டீச்சர் பிரீத்தியைப் பார்த்தார். “தெரியல சார்” என்று மட்டும் சொன்னதாகக் கீர்த்தி வந்து சொன்னாள். ஜன்னலுக்கு உள்ளே வகுப்பு முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேங்கடாசலம் போனபிறகு உள்ளேயிருந்து ஹரிதா எழுந்து வந்தாள். எங்கள் எதிர்வீட்டுப் பெண். வாய் திறந்து பேசாத சாது. பிரீத்திக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“உன்ன யாரும் வெளிய அனுப்பலயே, ஹரிதா?”

“நான்தான் டீச்சர் அந்தப் படம் போட்டேன். எம் பேர்ல போடறதா நெனச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். அவ பேருன்னு தெரிஞ்சேதான் போட்டேன். சும்மா சிரிப்புக்கு.”

டீச்சர் திட்டவில்லை. நேராகக் கரஸ்பாண்டன்டிடம் அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அது முடிந்ததும், “இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு” என்று சொல்லிச் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பெண்களோடும் எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். நான் அப்போது தாமோதரன் வீட்டில்தான் இருந்தேன்.

ஹரிதா சொன்னது தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. “இன்னாம்மா?” என்றார் தாமோதரன். அவள் திரும்பவும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. கலெக்டரே வந்தாலும் தறியை நிறுத்தாத மனிதர், கையை நீட்டி ஒவ்வொன்றாக எல்லாத் தறியையும் நிறுத்தினார். ஹரிதா மூன்றாவது தடவையாக முழுதும் சொன்னாள்.

பிரீத்தி தேம்பித் தேம்பி அழுதாள். தாமோதரன் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டீச்சர், உங்க தண்டன எப்ப முடியுது?”

“அடுத்த வாரம் முழுக்க இருக்குதுண்ணா. பிரீத்திய நாளைக்கே உள்ள உக்கார வெச்சுடறேன், பாவம். பழிதான் தீந்துபோச்சே.”

“வேணாம் டீச்சர்,” என்றார் தாமோதரன். “பழி வேற. போனத் தொறந்து போட்டது அவதானே. நீங்க எழுந்துக்கற அன்னிக்கு அவளும் எழுந்துக்கட்டும். தினம் நானே கொண்டாந்து வுடறேன்.”

சொல்லிவிட்டு ஜன்னல் ஓரத்தில் கிடந்த போனை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் பாஸ்வேர்டை மாற்ற ஆரம்பித்ததும், தாமோதரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.