சைக்கிளுக்கு வைத்த பரஸ்தானம்

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகும் ராகு காலம் பார்க்காமல் நான் வெளியே கிளம்புவதில்லை. அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அந்தப் பழக்கமே ஒருமுறை எங்களைப் போலீசில் மாட்டிவிடப் பார்த்தது.

அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். அக்காவுக்குப் பதினோராம் வகுப்பில் இலவச சைக்கிள் கிடைத்தது. மஞ்சக்குப்பம் பள்ளிக்கு அதில்தான் போய்வந்தாள். ஒருநாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தியை, ஓரமாக நின்ற லாரியை விலகிச் சைக்கிளில் போகையில் பஸ் தட்டிவிட்டது. பாடலீஸ்வரர் புண்ணியத்தில் கால் முறிந்ததோடு தப்பினாள். அதிலிருந்து அம்மா அக்காவைச் சைக்கிள் தொடவிடவில்லை. நெரிசல் பஸ்ஸில் தொங்கிப் போகவும் சம்மதிக்கவில்லை. அக்காவின் படிப்பே நின்றுவிடும் போலிருந்தது.

அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தார்கள். லாரிகளை எடுத்துவிட்டு ரோட்டோரத்தைச் சைக்கிளுக்கு விடச் சொல்லி, திங்கட்கிழமை எல்லோரும் சைக்கிளிலேயே கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுப்பதாக ஏற்பாடு. “நல்ல பதில் வந்தாத்தான் அவ சைக்கிள்ல பள்ளிக்கூடம் போவா” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஒன்பதுக்குள் கெடிலம் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதற்கு முன்னால் கிளம்பலாமென்றால் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து ஆட்கள் வரவேண்டும். அப்பா யோசித்துப் பரஸ்தானம் வைக்கச் சொன்னார். நேரம் சரியில்லாதபோது, கொண்டுபோகும் பொருளை நல்ல நேரத்திலேயே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அதன்படி, ஏலத்துக்குப் போனவர்களின் சைக்கிளை வீட்டார் கொண்டுவந்து வைக்க, ஏழு மணிக்கே அத்தனை சைக்கிளும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலெதிரே ரோட்டோரம் வரிசையாக நின்றன.

“சைக்கிள் கெளம்பிடிச்சி, நாம போயி இட்லி துன்னலாமில்ல மாமா?” என்று மாமா அப்பாவைச் சீண்டினார். அப்பாவும் அக்காவும் நானும் காவலுக்கு நிற்க, மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

“இன்னா மனு குடுக்கப் போறீங்க?”

“ரோட்டோரம் வண்டி நிறுத்தக் கூடாதுன்னுங்க.”

“அப்ப இத யாரு நிறுத்துனது?”

“நிறுத்தலீங்க சார். கெளம்பிடிச்சிங்க” என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “பத்து நிமிஷத்துல எடுக்கணும். இல்லன்னா எல்லாத்தையும் லாரியில ஏத்திடுவேன். ஊர்வலமும் கெடையாது.”

அக்கா வீடு வீடாக ஓடினாள். ஆண்கள் கைகூடக் கழுவாமல் வந்து பூட்டைத் திறந்தார்கள். அக்கா முன்னால் போனாள். நான் அப்பாவின் சைக்கிள் பாரில், அம்மா மாமாவின் கேரியரில்.

பாலத்தில் ஏறியதும் பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. ஒவ்வொருவராகக் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அப்பாவும் ஒதுங்கினார். “முருகா, முருகா” என்று முணுமுணுத்தார். அக்கா மட்டும் ஒதுங்கவில்லை. பஸ் அவள் கேரியரை முட்டுகிற மாதிரி வந்துவிட்டது.

“ஓரமா போடி” என்று அம்மா கத்தினாள். அக்கா திரும்பிப் பார்க்காமல் அதே நேர்கோட்டில் மிதித்தாள். ஒதுங்கியிருந்தால் பஸ்காரன் அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கியிருப்பான்.

அடுத்து அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “தம்பி, அவ பக்கத்துல போடா.”

மாமா அக்காவுக்கு இணையாகப் போனார். பிறகு அப்பா. பிறகு ஒதுங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பாலம் முடியும்வரை பஸ் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

ஆபீசில் மனுவை வாங்கி, “பார்க்கிறோம்” என்றார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அம்மா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசி, “நேரமாவுது, சைக்கிள எடு” என்றாள்.

“பதில் ஒண்ணும் வரலியே” என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கலெக்டர் ஒரே ராத்திரியில் ரோட்டைச் சரிசெய்துவிட்டார் என்று நினைத்துத் தெருமுனைக்கு ஓடினேன். லாரிகள் அங்கேயேதான் நின்றன. மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

“நிக்கட்டும்” என்றாள்.

அவள் காதில் சரியாக விழவில்லை போலும் என்று, இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.