ஸ்பிரிங்கைக் கழற்றிய கேக்கம்மா

கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடியதும், பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவாள் கேக்கம்மா. ஆர்டர் கொடுக்க வந்து அதைப் பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். "ஐயோ, என்னங்க பண்றீங்க!" என்று பாய்ந்து வருவார்கள். அவளோ பெட்டியைக் காதோரம் வைத்து, உள்ளே ஏதாவது நகர்கிற சத்தம் வருகிறதா என்று நிதானமாகக் கேட்பாள். "நகர்றதா இருந்தா இங்கயே நகரட்டுங்க. இங்கன்னா என் கையில கிரீம் இருக்கு. ரோட்ல நகர்ந்தா என்ன இருக்கு?"

வீட்டின் பின்னறைதான் அவளுடைய தொழிற்கூடம். அடுப்பு இரண்டு. ஒன்று சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றது இரண்டு மூன்று முறை கெஞ்சினால்தான் சூடேறும். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'மாப்பிள்ளை'. வேலை நேரத்தில் கணவரின் பழைய சட்டைதான் சீருடை. அதன் பையில் கிரீம் பிழியும் தகரக் குழல்கள் கிடந்து, அவள் நடக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போடும். தான் செய்த கேக்கை ருசி பார்க்க மாட்டாள். "ருசி பாத்தா சந்தேகப்படறேன்னு அர்த்தம். செஞ்சவளே சந்தேகப்பட்டா திங்கறவங்க என்ன பண்ணுவாங்க?" இதைத் தன்னம்பிக்கை என்று மரியாதையாகச் சொல்லலாம். அவளுடைய அக்கா 'திமிர்' என்று சுருக்கமாகச் சொல்வாள்.

செய்த கேக்கை அவளே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிய ஒரு மாணவன் விற்றுவிட்டுப் போன மலைச் சைக்கிள் அது. பட்டை டயர், ஏகப்பட்ட கியர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங். மலை என்று அது பார்த்ததெல்லாம் அவள் தெருவின் ஏற்றத்தை மட்டும்தான். அந்த ஏற்றத்துக்கே அத்தனை கியரும் வேண்டியிருக்கிறது. கேக் பெட்டி ஒருநாளும் பின்னால் போகாது. ஹேண்டில்பாரில் மாட்டிய கேரியரில், கண் முன்னால்தான் போகும். "பின்னாடி வச்சா என்ன ஆச்சுன்னு முதுகுக்கா தெரியும்?"

கொடுத்துவிட்டு வந்த கதையைக் கணவரிடம் நடித்தே காட்டுவாள். மூன்றாவது மாடிக் கிழவர் கேக்கைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, ஒரு புதுமணப்பெண் பெட்டியைத் திறந்த வேகத்திலேயே மூடி "இதை வெட்டவே மாட்டேன்" என்றது, எல்லாம் வரும். காசு கைக்கு வந்ததை மட்டும் சொல்ல மறந்துவிடுவாள். அவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஒரு வேலையில் கை வைத்தால் அந்த வேலையே தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிற நல்ல மனுஷர். போன மாதம் அடுத்தடுத்து இரண்டு கேக் சைக்கிளில் போய்க் கெட்டதும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தார்.

"இனிமே எல்லாம் வேன்ல போகட்டும். ஆர்டரும் என் போனுக்கே வரட்டும். நீ பாட்டுக்கு உள்ள உக்காந்து செஞ்சுக்கிட்டே இரு. வெளி வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

'நீ பாட்டுக்கு உள்ள' என்ற வார்த்தைகள்தான் அவளைச் சுட்டன. முன்பின் தெரியாத வாசல்களில் நின்று, பெட்டி திறக்கும்போது மலரும் அந்த முகங்களைப் பார்ப்பதற்காகத்தான் அவள் இந்தத் தொழிலையே செய்கிறாள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மாவும் சூடும்தான்.

வாய் முந்திக்கொண்டது. "அடுத்த வாரம் மண்டபத்துக்கு ரெண்டு அடுக்கு கேக் இருக்குல்ல? அதை நான் சைக்கிள்லயே கொண்டுபோறேன். ஒரே ஒரு பூ உதிர்ந்தாலும் சரி, அதுக்கப்புறம் எல்லாம் உங்க வேன்தான், உங்க போன்தான். உதிரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"சரி" என்றார் அத்தான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டியாடி?"

சும்மா இருக்கிற வாய் இல்லைதான். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டவில்லை. கெட்டுப்போன இரண்டு கேக்கையும் தூக்கிப் போடாமல், மேசைமேல் வைத்து ஒரு பிரேதப் பரிசோதனையே நடத்தியிருந்தாள். பள்ளத்தில் குதித்திருந்தால் அடிப்பாகம் நசுங்கியிருக்க வேண்டும். இரண்டிலும் முன்பக்கம் மட்டுமே நசுங்கியிருந்தது. சைக்கிளை இறக்கத்தில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தாள். முன்பக்கம் மூன்று விரல் அளவுக்குக் கும்பிடு போட்டது; கேரியரும் கூடவே சாய்ந்தது. ஆக, குற்றவாளி மேடுபள்ளம் அல்ல. கேக்கைக் காப்பாற்றுவதாகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்தான்.

சைக்கிள் கடைக்காரர் இதை நம்பவில்லை. "அவனவன் ஸ்பிரிங் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போறான், நீங்க கழட்டணுங்கறீங்க. குலுங்குமேம்மா!"

"அண்ணே, கேக்குக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கு. அழுத்திப் பாருங்க, எழும்பி வரும். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சா அது ஒரு மெத்தை. இதுக்கு மேல எத்தனை ஸ்பிரிங்?"

அவர் பழைய சாமான்களுக்குள் கைவிட்டு, ஸ்பிரிங் இல்லாத இரும்பு போர்க் ஒன்றை உருவிக் கொடுத்தார். குட்டை. அதைப் போட்டால் சைக்கிள் நிரந்தரமாகவே கும்பிட்டபடி நிற்கும். பழைய போர்க்கின் நீளத்துக்கே அச்சாக இன்னொன்றை எடுத்தார். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வண்டி சும்மா நிக்கறப்போ அளந்தா எப்படிண்ணே? நான் ஏறி உக்காந்தா ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்குதுல்ல, அந்த நீளம்தான் எனக்கு வேணும்." கடை நடுவிலேயே சைக்கிளில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அளக்கச் சொன்னாள். "எவ்வளவு அமுங்குச்சுன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க." மூன்றாவதாக வந்த போர்க் பொருந்தியது. கேரியரைத் திருகுவதற்கு அதன் கால்களிலேயே துளைகள் இருந்தன. இனி அது ஹேண்டில்பாரில் தொங்க வேண்டியதில்லை. "நானே மாட்டிக் கொடுத்துடறேனே" என்றார் அவர். வேண்டாம் என்று போர்க்கைத் தோளில் போட்டுக்கொண்டாள். "யாரு மாட்டினதுன்னு எங்க அத்தான் கேப்பாரு."

தோளில் போர்க்கோடு அவள் தெருவில் ஏறியதைப் பார்த்ததும், எதிரில் வந்தவர்களெல்லாம் நின்று ஆளுக்கோர் அறிவுரை சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். ஒன்றையும் கேட்கவில்லை.

மண்டபத்து நாளுக்கு முந்தின பிற்பகலில், பின்னறைத் தரையில் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் கிடந்தது. உதவிக்குக் கணவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். புதுப் போர்க்கின் தண்டு, சைக்கிளின் கழுத்துக்குள் புகுந்து மேலே வந்து ஹேண்டில்பாரைத் தாங்க வேண்டும். அது தேவைக்கு மேல் நீளமாக இருந்ததால் ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. குட்டையாகிவிட்டால் அவ்வளவுதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள், வெட்டுகிற இடத்தில் நிதானமானாள். குறித்த கோட்டுக்கு மேலே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். "கேக்கோட தலையைச் சீவறப்போ முதல்ல கொஞ்சம்தான் சீவணும். வேணும்னா அப்புறம் சீவிக்கலாம். சீவினதைத் திருப்பி வைக்க முடியுமா?" தண்டைப் பிடித்துக்கொண்டிருந்த கணவரிடம், அவர் நாள் முழுக்க ஊராரிடம் சொல்கிற வார்த்தையையே சொன்னாள்: "மூச்சை இழுத்துப் பிடிங்க." அறுத்து முடிகிறவரை அவர் உண்மையாகவே பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் மாட்டி முடுக்கி, ஹேண்டில்பாரை அசைத்தாள். கழுத்து, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. இன்னும் முடுக்கினாள். ஆட்டம் நின்றது, ஆனால் ஹேண்டில்பார் திரும்ப மறுத்தது. தளர்த்தினாள். மறுபடியும் ஆட்டம். அப்போது அவளுக்குப் பயம் வந்தது. பழையதையே திரும்ப மாட்டினால் கேக் போய்விடும். மாட்டாவிட்டால் சைக்கிளே போகாது. எந்த வழியாகப் போனாலும் அந்த வேன்தான் வாசலில் வந்து நிற்கும். பயம் வந்தால் அவளிடம் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

சுத்தமாக இருந்த தட்டுகளை அவள் மறுபடி கழுவிக்கொண்டிருந்தபோது, கணவர் பழைய போர்க்கைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

"இதோட அடியில மோதிரம் மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கே. புதுசுல அது இல்லையே?"

கழுத்தின் பேரிங் உட்கார வேண்டிய வளையம் அது. பழைய தண்டின் அடியில் இறுகிப்போய், அதன் உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரக்கையோடு வந்து பார்த்தவள், "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அவர்மேல் பாய்ந்தாள். அவள் நன்றி சொல்கிற முறை அது என்று அவருக்குத் தெரியும். திருப்புளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு, ஒரே பக்கமாகத் தட்டாமல் சுற்றிச் சுற்றித் தட்டி, டின்னில் ஒட்டிய கேக்கைக் கிளப்புகிற பொறுமையோடு வளையத்தைக் கிளப்பினாள். புதியதில் ஏற்றினாள். வளையம் ஏறியதும் தண்டு மேலே சற்றுக் குறைவாகத்தான் நீட்டியது. கூடுதலாக விட்ட அந்த ஒரு விரல் கைகொடுத்தது. கழுத்து இப்போது ஆட்டமில்லாமல், சொன்ன பக்கம் திரும்பியது. கணவர் தட்டுகளைத் துடைத்து அடுக்கி வைத்தார்.

மறுநாள் மாலை, இஸ்திரி போட்ட சட்டையோடு அத்தான் வேனில் வந்து தெருவில் காத்திருந்தார். பின்னால் இடத்தைக் காலி செய்து விரிப்புகூட விரித்திருந்தார். "சாட்சிக்குத்தான் வர்றேன்" என்றார்.

"வாங்க அத்தான். பின்னாடி ஆள் வந்தாத்தானே ஊர்வலம்" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

கல் பதித்த சந்தில் அதிர்வு மணிக்கட்டில் ஏறித் தோள்வரை போயிற்று. கடைக்காரர் சொன்னதிலும் பொய்யில்லை. ஸ்பிரிங் வாங்கிக்கொண்டிருந்த அடியையெல்லாம் இனி அவள் கைதான் வாங்க வேண்டும். வாங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இறக்கத்தின் நடுவில், நிறுத்தியிருந்த காரின் கதவு ஒன்று திடுமெனத் திறந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். டயர் கீச்சிட்டது, வேகம் செத்தது. பெட்டி இருந்த இடத்தில், இருந்த நிமிர்வில் நின்றது. கார்க்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லைங்க, நல்ல நேரத்துலதான் திறந்தீங்க" என்று சிரித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மண்டபத்து மேனேஜர் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்துவதற்குள் அத்தான் வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவள் கேரியரின் பட்டையைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் திறந்தாள். கீழ் அடுக்கு, மேல் அடுக்கு, விளிம்பெல்லாம் கிரீம் பூக்கள். அத்தான் குனிந்து ஒரு சுற்று வந்து பார்த்தார். எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று வந்தார். ஒரு பூ உதிரவில்லை.

"ம்... நல்லாத்தான் இருக்கு" என்றார். வாக்குத் தவறாத மனுஷர். வேனைப் பற்றியும் பேசவில்லை, போனைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் கைப்பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? மேனேஜர் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். "சரி, குடு. உள்ள நான் எடுத்துட்டுப் போறேன். நீ சைக்கிளைப் பாத்துக்கோ."

நீட்டிய கைகளில் அவள் ஹேண்டில்பாரை வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.