அக்காவின் போன் என் பையில்

மதுரையிலிருந்து டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவை ஊருக்கு ரயிலேற்றிவிட ஹவுரா புறப்பட்டேன். எஸ்பிளனேடில் மெட்ரோ மாற வேண்டும். பிக்பாக்கெட்டுக்குப் பயந்து அவள் போனையும் வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கே கூட்டத்தில் பெட்டியோடு நான் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. அக்கா வெளியே நின்றாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தால், பிளாட்பாரத்தில் அவளைக் காணோம். மாடிக்கு மாடி ஏறி இறங்கித் தேடினேன். ஊர் ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்போது மதுரையிலிருந்து அத்தான் அழைத்தார்.

"உங்க அக்கா ஹவுரால நிக்கிறா. நீ எங்கம்மா சுத்திக்கிட்டிருக்க?"

நான் ஹவுராவுக்குத்தான் போயிருப்பேன் என்று நினைத்து அக்கா அடுத்த மெட்ரோவில் ஏறியிருக்கிறாள். அங்கே ஒரு வங்காளிப் பெண்ணிடம் சைகை காட்டி போன் வாங்கி, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரான அத்தான் நம்பருக்குப் பேசியிருக்கிறாள்.

நானும் ஹவுரா போய்ச் சேர்ந்ததும், ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம். ஏறும்போது கேட்டாள்: "நீ தொலைஞ்சிருந்தா யாருக்குடி போன் பண்ணியிருப்ப?"

இப்போதெல்லாம் யாரோடு வெளியே போனாலும் அவரவர் போன் அவரவர் கையில்தான். பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று மெட்ரோ படியிறங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்கிறோம். என் கணவரின் நம்பரையும் மனப்பாடம் செய்துவிட்டேன், கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து.