செல்வி சித்திக்குப் போட்ட புகை

வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டுக்குள் இன்று காலை மாடியிலிருந்து மிளகாய் கருகும் நெடி இறங்கியது. அது சமையல் நெடி அல்ல. பத்து வயதில் அடி அண்ணாமலையில் அதை நான் நுகர்ந்திருக்கிறேன்.

அப்போது செல்வி சித்திக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அவள் தூங்குவதை விட்டாள், தலை வாருவதை விட்டாள், சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். பேய் என்று அப்பா முடிவு கட்டினார். பூசாரி வந்து மிளகாய்ப் புகையில் அவள் முகத்தை அழுத்தினான். சித்தப்பா விசிறிக் கொடுத்தார். கிரிவலப் பாதையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் காலில் பௌர்ணமிதோறும் விழுந்தவர்தான் அப்பா. கிழவர் பேசினால் சித்தர், வீட்டுப் பெண் பேசினால் பேய். அவ்வளவுதான் அவருடைய ஞானம்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் சித்தியின் அருகில் உட்கார்ந்தார்.

“எத்தினி நாளா தூங்கலம்மா? செத்துடலாம்னு தோணுதா?”

“தினமும் தோணுதுக்கா” என்று சித்தி அழுதாள்.

“இது வியாதிங்க. மாத்திரை இருக்குது” என்றார் நர்ஸம்மா.

“ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்” என்றார் அப்பா.

“உயிர் போனா பரவால்லீங்களா?” என்று கேட்டுவிட்டு, சித்தியைப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்.

சில மாதங்களில் சித்தி குழந்தையைத் தானே குளிப்பாட்டினாள். அப்பாவோ பூசாரிக்குச் சேவல் கொடுத்து நன்றி சொன்னார்.

இன்று அதே நெடி வந்ததும் நான் மாடியேறினேன். கதவைத் திறந்தவர் அங்கே குடியிருக்கும் காலேஜ் வாத்தியார்.

“பொண்ணு மூணு வாரமா தூங்கலீங்க. காத்து கருப்பு. சத்தம் போடாதீங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும் சார். புகைய அணைங்க. ஆட்டோ கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். சட்டையப் போட்டுக்கிட்டு நீங்களும் வாங்க.”